பதினான்கு பொற்காசுகள்

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலியின் இறுதியில் வாசிக்கும் அறிவிப்புகளோடு நாம் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டோம். ஜெர்மனியிலிருந்து நம் பங்கிற்குப் பதினான்கு பொற்காசுகள் வந்துள்ளன என்றும், கடலில் தந்தையை இழந்த நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தியின் செவிலியர் படிப்புக்கு அவை பயன்படும் என்றும் கூறினோம். கூறும்போது நம் குரலில் சற்றுப் பெருமிதம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். பெண்கள் அமர்ந்திருந்த பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரையில் பொற்காசு என்று சொன்னால் மக்கள் காதில் விழுவது பவுன் என்னும் சொல்லே. பதினான்கு பவுன்! எட்டுக் கிராம் வீதம் 112 கிராம். உள்ளதைச் சொன்னால், அந்தக் கணக்கை அவர்களுக்கு முன்பே நாமும் மனத்தில் போட்டு முடித்திருந்தோம்.

அக்காசுகள் வந்த வழியை முதலில் சொல்லிவிட வேண்டும். நம்மோடு குருமடத்தில் பயின்ற அருள்பணியாளர் ஒருவர், இன்று தமிழகக் குருக்கள் பலர் செய்வது போலவே, ஜெர்மனியின் பங்கு ஒன்றில் பணியாற்றுகிறார். அவருடைய பங்கில் வயது முதிர்ந்த கைம்பெண் ஒருவர் இருந்தார். அவருடைய கணவர் இளமையில் சரக்குக் கப்பலில் மாலுமியாய் இருந்தவர். ஓய்வுக் காலத்தில் காசு சேகரிக்கும் பழக்கத்துக்கு ஆட்பட்டவர். கணவர் இறந்தபின் அந்த அம்மையார் ஒரு பெட்டியை நம் நண்பரிடம் கொடுத்து, "உங்கள் ஊரில் கடல் எடுத்துக்கொண்டவர்களின் குடும்பத்துக்கு இது போகட்டும்" என்று சொன்னாராம். நண்பர் விடுமுறையில் வந்தபோது அதைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். நீல வெல்வெட்டு விரித்த அழகிய பெட்டி அது. ஒவ்வொரு காசும் கண்ணாடி போன்ற நெகிழிச் சிமிழுக்குள் இருந்தது. அருகில் முத்திரையிட்ட சான்றிதழ். அடியில் அந்த மாலுமி பத்திரமாய் மடித்து வைத்திருந்த விலைச்சீட்டுகள். ஒவ்வொரு காசுக்கும் ஏறத்தாழ 60 யூரோ கொடுத்திருந்தார் அம்மனிதர்.

நாம் சீட்டுகளைப் படித்தோமேயன்றிக் காசுகளைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. சிமிழைத் திறக்கக் கூடாது என்று சான்றிதழில் எழுதியிருந்ததால் ஒருவித மரியாதை நம்மைத் தடுத்தது. மின்னுவதன் முன் அறிவு மங்குவது எளிய மக்களுக்கு மட்டுமே நேர்வது என்று எண்ணுவோர் நம்மைப் பார்த்துக்கொள்ளலாம்.

அறிவிப்புக்கு மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்குச் சென்றோம். நமக்கு நெடுநாள் பழக்கமான முதிய பொற்கொல்லர் ஒருவர் அங்கே சிறு கடை வைத்திருந்தார். அவர் ஒரு சிமிழைத் திறந்து காசை உள்ளங்கையில் கவிழ்த்தார். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டம். குறுக்களவு 11 மில்லிமீட்டர். உரைகல்லில் தேய்த்தார்; தராசில் வைத்தார்; மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நம்மை இரக்கத்தோடு நோக்கினார்.

"ஃபாதர், நல்ல சொர்ணம். மாற்றுக் குறையே இல்லை. எடைதான் இல்லை."

ஒரு காசு அரைக் கிராம். பழைய கணக்கில் நான்கு குன்றிமணி. பதினான்கும் சேர்ந்து ஏழு கிராம். ஒரு பவுனுக்கு இன்னும் ஒரு கிராம் குறை. அன்றைய விலையில் 25,000 ரூபாய்க்குக் கிட்டத் தேறும் என்றார். அப்பிள்ளையின் அவ்வாண்டுக் கட்டணமோ 85,000 ரூபாய்.

அவர் கடையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். எழுந்து வர மனம் வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் காசுகளின் மேலிருந்த எழுத்துகளை முதன்முறையாகப் படித்தோம். பெரும்பாலானவற்றில் பலாவு குடியரசு, ஒரு டாலர் என்று பொறித்திருந்தது; சிலவற்றில் குக் தீவுகள். எழுத்து தெரியாத அளவுக்குச் சிறிய காசில் உலக அதிசயங்களையும் மாமனிதர் முகங்களையும் நெருக்கி அடித்திருந்தனர்.

பலாவு என்பது பசிபிக் பெருங்கடலில் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குக் கிழக்கே கிடக்கும் தீவுக்கூட்டம். தீவுகள் ஏறத்தாழ 340. மக்கள் 18,000 அளவினர். நம் கடற்கரையில் பெரிய பங்குகள் இரண்டைச் சேர்த்தால் அந்நாட்டின் மக்கள்தொகை வந்துவிடும். அங்குள்ள சமயத்தவருள் கத்தோலிக்கரே மிகுதி. 1994ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் அது தன்னாட்சி பெற்றது. ஆனால் பலாவு என்னும் பெயர் தாங்கிய நினைவுக் காசுகள் 1992ஆம் ஆண்டிலேயே, கடல்வாழ் உயிர்களைக் காக்கும் வரிசை என்னும் பெயரில், வெளிவரத் தொடங்கிவிட்டன. நாடு பிறக்குமுன் நாணயம் பிறந்தது! அந்த நாட்டில் காசடிக்கும் சாலை இல்லை. நடுவண் வங்கி இல்லை. கடைவீதியில் புழங்குவது அமெரிக்க டாலர். அந்த ஒரு டாலர் பொற்காசை அவ்வூர் மளிகைக் கடையில் நீட்டினால், சட்டப்படி ஒரு டாலருக்கு உரிய சரக்கு கிடைக்கலாம். உருக்கினால் அன்றைய விலையில் இருபத்து நான்கு டாலர் பெறும். ஐரோப்பாவில் விற்றதோ 60 யூரோவுக்கு. ஒரே காசுக்கு மூன்று விலை. அவற்றுள் பொருளின் மீது பொறித்திருக்கும் விலைதான் யாரும் கொடுக்காத விலை.

இதன் நடைமுறை எளியது. எங்கோ ஐரோப்பாவில் ஒரு வணிக நிறுவனம் தீவு அரசிடம் உரிமம் கேட்கும். அரசு தன் பெயரையும் சின்னத்தையும் பொறிக்க இசைந்து, அதற்கொரு தொகை பெற்றுக்கொள்ளும். காசு வேறொரு நாட்டில் அடிபடும். மற்றொரு நாட்டில் விற்பனையாகும். தன் பெயர் பொறித்த பொன்னைத் தீவு மக்கள் கண்ணால் காண்பதுகூட அரிது. துவாலு, நியுவே, குக் தீவுகள், நவூரு என்று இவ்வழியில் வருவாய் தேடும் நாடுகள் பல. ஏறத்தாழ 11,000 பேர் வாழும் துவாலுவின் பெயரில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரக் காசுச் சாலை காசடிக்கிறது. துவாலுவில் புழங்குவது ஆஸ்திரேலிய டாலர். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத நியுவேயின் பெயரில், 2011ஆம் ஆண்டில், அமெரிக்க விண்வெளிப் போர்த் திரைப்படத்தின் பாத்திரங்கள் காசில் ஏறின. மறுபக்கத்தில் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் தலை.

அத்தீவுகளை எள்ளி நகையாட நமக்கு மனமில்லை. நவூருவை எடுத்துக்கொள்ளுங்கள். 21 சதுர கிலோமீட்டர் நிலம். பாஸ்பேட்டுக்காக அந்நிலத்தின் நடுப்பகுதியை அயலார் பல்லாண்டுகள் தோண்டி எடுத்துச் சென்றனர். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலைப் பற்றி அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. துவாலுவோ கடல்மட்டம் உயர உயரக் கரைந்துவரும் நாடு. தம் மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேற வழிசெய்யும் உடன்படிக்கையை 2023ஆம் ஆண்டில் செய்துகொண்டது. மண்ணும் மீனும் தீர்ந்தவர்க்கு விற்பதற்கு மிஞ்சுவது பெயர். துவாலு தன் இணைய முகவரியின் ஈற்றெழுத்துகளையே வாடகைக்கு விட்டு வருவாய் பெறுகிறது. அதோடு ஒப்பிட்டால் காசு விற்பது பழைய தொழில்தான்.

புழக்கத்துக்கு வராத பொன்னை அடிப்பது நம் நாட்டுக்கும் புதிதன்று. நம் முகம் வாடியிருப்பதைக் கண்ட பொற்கொல்லர்தாம் அதை நினைவூட்டினார். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் மண். அம்மன்னர்கள் துலாபுருஷதானம் என்னும் சடங்கில் தம் எடைக்கு எடை பொன்னைத் தராசில் ஏற்றுவர். அப்பொன் முன்கூட்டியே காசுகளாக அடிக்கப்படும். ஒருபுறம் ஸ்ரீ பத்மநாப என்னும் எழுத்து, மறுபுறம் சங்கு. சடங்கு முடிந்ததும் அந்தணர்க்கு அது தானமாய்ப் போகும். 1870ஆம் ஆண்டில் ஆயில்யம் திருநாள் மன்னர் அச்சடங்கை நடத்தினார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்து அப்போது பதினைந்தே ஆண்டுகள். நம் தாய்மார் தோளை மூட உரிமை கேட்டுப் போராடிய தோள்சீலைக் கலகத்தின் பின் அரசாணை வந்து பதினோரே ஆண்டுகள். தலைவரி செலுத்திய தலைமுறையினர் உயிரோடு இருந்த காலம். தராசின் ஒரு தட்டில் மன்னர், மறு தட்டில் பொன். அப்பொன்னுக்குப் பின்னே நின்றவர்களை நிறுத்துப் பார்க்க எவரும் தராசு கொண்டுவரவில்லை. பொற்கொல்லர் அவ்வாறு சொல்லவில்லை. இது நம் சேர்க்கை. அவர் சொன்னது, "அந்தக் காசு இப்போது ஒன்று கிடைத்தால், ஃபாதர், உங்கள் பிள்ளை டாக்டருக்கே படிக்கலாம்" என்பதே. அவர் சொன்னதும் சரிதான். பழமையும் அருமையும் கூடிய காசுக்குச் சேகரிப்போர் மதிப்புத் தருவர். பல்லாயிரக் கணக்கில் அடித்து, அருமை என்று தாமே சான்றிதழும் எழுதி விற்ற காசுக்கு அம்மதிப்பு வருவதில்லை.

பவுன் என்னும் சொல்லும் ஒரு காசின் பெயரே. இங்கிலாந்து நாட்டு அரசர் தலை பொறித்த, எட்டுக் கிராமுக்குச் சற்றே குறைந்த, 22 காரட் பொற்காசு. நம் பாட்டிமார் அதைக் கோத்துக் காசுமாலையாய் அணிந்தனர். விக்டோரியா அரசியும் ஐந்தாம் ஜார்ஜும் நாஞ்சில் நாட்டு மணப்பெண்களின் மார்பில் வரிசையாய்த் தொங்கினர். அந்நாணயம் நம் கடைவீதியை விட்டு நீங்கியபின்னும் பெயர் மட்டும் எடையாய் நின்றுவிட்டது. இன்றும் நம் பங்குகளில் திருமண ஓலை வாசிக்குமுன், எத்தனை என்ற கேள்வி அச்சொல்லால்தான் எழுகிறது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இக்கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

பெட்டியில் பதினைந்தாவதாக ஒரு வெள்ளிக் காசும் இருந்தது. அதுவும் பலாவு வெளியிட்டது, 2007ஆம் ஆண்டினது. லூர்து நகர்க் காட்சியின் 150ஆம் ஆண்டை முன்னிட்டு அடித்தது. கெபியில் அன்னை மரியாளின் உருவம். காசின் உள்ளே பதித்த நுண்ணிய கண்ணாடிக் குப்பியில் லூர்து ஊற்றின் நீர். பிரான்சு நாட்டு ஊற்று, பசிபிக் தீவின் பெயர், ஐரோப்பிய வணிகம். குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் புனிதப் பொருள்களை விலைப்படுத்தும் பாவத்தைப் பற்றிப் படித்த நாளில் இப்படியொரு தேர்வுக் கேள்வி வரும் என்று நாம் கருதியதில்லை. லூர்து ஊற்றில் நீருக்கு விலை இல்லை. வருவோர் பாத்திரத்தில் பிடித்துச் செல்கின்றனர். விலை வெள்ளிக்கு மட்டுமே என்று விற்றவர் வாதிடலாம். ஆனால் அந்நீர் இல்லையேல் அவ்வெள்ளியை யார் வாங்கியிருப்பார்? பிறரை நோக்கிக் கல்லெறியுமுன் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: நம் வத்திக்கான் நகரமும் 20 யூரோ, 50 யூரோ என்று பொற்காசுகளை அடித்துச் சேகரிப்போர்க்கு விற்றே வருகிறது. உலகின் மிகச் சிறிய அரசு அது. அதுவும் ஒருவகைத் தீவுதானே.

இனி, நாம் அஞ்சிய அந்த அடுத்த ஞாயிறு.

அப்பிள்ளையின் தந்தை 2011ஆம் ஆண்டில் ஆழ்கடல் விசைப்படகிலிருந்து இரவில் தவறி விழுந்தவர். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லையேல் இறப்புச் சான்று இல்லை. ஏழாண்டுகள் செய்தி இல்லாதவரையே இறந்தவராகக் கொள்ளலாம் என்பது அன்றைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அந்த ஏழாண்டுகளும் அத்தாய் மீன்கூடை சுமந்து இரு பிள்ளைகளை வளர்த்தார். சான்று கிடைத்தபின்னும் உதவித்தொகைக்காக அலுவலகம் ஒன்றில் படியேறிக்கொண்டிருந்தார். அவரிடம்தான் நாம் பதினான்கு பொற்காசுகள் என்று வாக்களித்திருந்தோம். நம் அறிவிப்பை நம்பி அவர் வட்டிக்காரரிடம் கேட்டு வைத்திருந்த பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பதைச் சனிக்கிழமை மாலை உபதேசியார் வந்து சொன்னார். அன்றிரவு நமக்கு உறக்கம் இல்லை.

ஞாயிறன்று அதே இடத்தில் நின்று சொன்னோம்: போன வாரம் நாம் சொன்ன பதினான்கு காசுகளும் சேர்ந்து ஒரு பவுனுக்குக் குறைவு, நிறுக்காமல் பேசியது நம் தவறு. ஒரு கணம் அமைதி. பிறகு பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார். சிரிப்பு ஆலயம் முழுதும் பரவியது. அத்தாய் சிரிக்கவில்லை. திருப்பலி முடிந்து வந்து நின்று, "அப்போ எங்க பிள்ளைக்க பீசு, சாமி?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல நமக்கு வாய் எழவில்லை.

வழி சொன்னவர் பங்குப் பேரவையைச் சேர்ந்த முதிய மீனவர் ஒருவர். "ஏலம் விடுவோம் சாமி." நம் ஊர்த் திருவிழாக்களில் காணிக்கையாய் வந்த தேங்காயும் சேவலும் வாழைக்குலையும் ஏலத்தில் சந்தை விலையைப் பலமடங்கு கடந்து செல்வதை வாசகர் அறிவர். ஆயினும் நாம் தயங்கினோம். எடைக்கு மேல் மூன்று மடங்கு விலை வைத்து அந்த மாலுமியை ஏய்த்தனர் என்று ஒரு வாரமாய் மனத்துக்குள் குமுறிக்கொண்டிருந்தவர் நாம். அதே காசை ஒலிபெருக்கி பிடித்து நாமே எடைக்கு மேல் விற்பதா?

அன்று மாலை பழைய குறிப்பேடுகளைத் தேடி எடுத்தோம். பொருளை அதன் பெறுமானத்துக்கு மேல் விற்கலாமா என்ற வினாவைப் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் ஆராய்கிறார். பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு இழப்பு உண்டாகுமாயின் அதற்கேற்ப விலையைக் கூட்டலாம். ஆனால் வாங்குபவருக்கு அதனால் வரும் தனி நன்மையை விற்பவர் விலையில் ஏற்றலாகாது, ஏனெனில் அந்நன்மை விற்பவருடையது அன்று. எனினும் வாங்குபவர் தம் மனமுவந்து கூடுதலாய்க் கொடுப்பாராயின் அது அவருடைய நேர்மைப் பண்பு என்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தேர்வுக்காக மனனம் செய்த வரிகள் அவை. எனவே ஏலத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தோம்: ஒவ்வொரு காசையும் காட்டி, இதன் பொன் மதிப்பு 1,800 ரூபாய் மட்டுமே, இதற்கு மேல் கேட்பது அப்பிள்ளைக்குக் கொடுப்பது என்று கூறிய பின்னரே கேட்பு தொடங்க வேண்டும்.

பதினான்கு முறை சொன்னோம். ஐந்தாம் முறையே, "தெரியும் சாமி, மேல சொல்லுங்க" என்று கத்தினர். மிகக் குறைந்தது 2,500 ரூபாய்க்குப் போயிற்று. மிக உயர்ந்ததை, கட்டுமரமும் வலையுமன்றி வேறு உடைமை இல்லாத இரு சகோதரர் சேர்ந்து 11,000 ரூபாய்க்கு எடுத்தனர். காணாமற்போனவரோடு ஒரே படகில் சென்றவர்கள் அவர்கள். மொத்தம் 71,500. வளைகுடா நாட்டிலிருந்து வந்திருந்த ஒருவர் உரத்த குரலில் 6,000 என்று கேட்டுக் காசையும் வாங்கிச் சென்றார். பணம் இன்றுவரை வரவில்லை. அவரை வழியில் காணும்போதெல்லாம் நாம் நலம் விசாரிக்கிறோம், அவரும் விசாரிக்கிறார். குறைந்ததைப் பங்கின் நிதியிலிருந்து ஈடு செய்தோம்.

ஜெர்மனி அம்மையாருக்கு நடந்தது அனைத்தையும் எழுதினோம். எடையைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்ததை விலக்கி எழுதினோம். நண்பர் மொழிபெயர்த்துக் காட்டினார். மறுமொழி ஒரு மாதம் கழித்து வந்தது. காசுகளின் உண்மை மதிப்பைக் கணவர் இறந்த ஆண்டே ஒரு வணிகர் தமக்குச் சொல்லிவிட்டதாக அவர் எழுதியிருந்தார். விலை ஆண்டுதோறும் ஏறும் என்று கணவர் கடைசிவரை நம்பிச் சனிக்கிழமைதோறும் பெட்டியைத் துடைத்து வைத்தாராம். உருக்கக் கொடுக்கத் தமக்குக் கை வரவில்லையாம். காசுகள் இப்போது தனித்தனி வீடுகளில் இருக்கின்றன என்பதைப் படித்ததாகவும், இரு சகோதரர் எடுத்த காசில் என்ன உருவம் என்று அறிய விரும்புவதாகவும் கேட்டிருந்தார். போய்ப் பார்த்தோம். அவர்கள் அதைச் சிமிழோடு திருக்குடும்பப் படத்தின் சட்டத்துக்குள் செருகியிருந்தனர். எண்ணெய்ப் புகை படிந்து உருவம் தெரியவில்லை. துடைக்க வேண்டாம் என்றார் மூத்தவர்.

லூர்துக் காசை நாம் ஏலத்தில் விடவில்லை. அது நம் மேசை அறையில் கிடக்கிறது. பிப்ரவரி 11ஆம் நாள் வரும்போதெல்லாம் அதைப் பீடத்தில் வைக்கலாமா என்று உபதேசியார் கேட்கிறார். பார்ப்போம் என்கிறோம்.